குதிரையின் வாயைப் பார்க்காமல் கடிவாளம் வாங்காதீர்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய பெண்குதிரை சுசீந்திரம் வந்து சேர்ந்தபோது, கூடவே ஒரு பழைய கடிவாளமும் சாக்கில் வந்தது. வாய்க்கம்பியை விரலால் தடவிப் பார்த்தேன். நெல்மணி அளவில் வரிசையாக முட்கள். "இதப் போட்டாத்தான் நிக்கும்" என்று சொல்லித்தான் தந்திருந்தார்கள். நானும் நம்பி மாட்டினேன். மூன்றாம் நாள் வாய் நுரையில் இளஞ்சிவப்பு தெரிந்தது. அன்றோடு கழற்றியதுதான்.

முள்ளுள்ள கடிவாளம் பாவம் மட்டுமில்லை, சட்டப்படி குற்றமும்கூட. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகள் 1965இலேயே அதைத் தடை செய்துவிட்டன. உங்களிடம் இருந்தால் விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். உடைத்துப் போடுங்கள்.

முள் இல்லாத கம்பியும் நோகடிக்கும். அது எங்கே உட்கார்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கம்பி அங்கேதான் கிடக்கும். அந்த இடத்தில் கீழ்த்தாடை எலும்பின் மேல் மெல்லிய ஈறு மட்டும்தான், சதை கிடையாது. உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் ஒரு கம்பியை வைத்து அழுத்திப் பாருங்கள். ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் அதற்கும்.

அதிகம் நடக்கிற தவறு, பக்கத்து வீட்டுக் குதிரையின் அளவைக் கேட்டு வாங்குவது. உயரம் ஒன்றாக இருந்தாலும் வாய் ஒன்றாக இருக்காது. மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்கு முகவாய் ஒடுங்கி இருக்கும். அதே உயரமுள்ள பந்தயக் குதிரைக்கு வாங்கிய கம்பி இதற்கு ஆடும். அளக்க ஒரு மெல்லிய பருத்திக் கயிறு போதும். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, கம்பி கிடக்கும் இடத்தில் வாயின் குறுக்கே வைத்து, முடிச்சை ஓர் உதட்டோரம் ஒட்டிப் பிடித்து, மறு உதட்டோரத்தில் அடையாளம் வையுங்கள். கயிற்றை நீட்டி அளந்து, பக்கத்துக்குக் கால் அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நாலரை முதல் ஐந்தரை அங்குலத்துக்குள் வரும். குறைவாக வாங்கினால் கம்பியின் முனையிலுள்ள வளையம் உதட்டைக் கிள்ளும். கூடினால் கம்பி பக்கவாட்டில் வழுக்கி, நடு மூட்டு ஓரத்துக்குப் போய் ஒரு பக்கத் தாடையை மட்டும் அழுத்தும்.

"தடிக் கம்பி மெத்துனு இருக்கும்" என்பதை நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். வாயைத் திறந்து பார்த்தால்தான் தெரிகிறது, உள்ளே காலி இடமே இல்லை. நாக்கே வாயை நிறைத்துக் கிடக்கிறது. சின்ன வாய்க்குள் தடித்த கம்பியைத் திணித்தால் வாயை மூட முடியாது, எச்சில் விழுங்கவும் சிரமப்படும். அதற்காகக் கம்பி ஒல்லியாகிக்கொண்டே போனாலும் ஆபத்து. அழுத்தம் ஒரே கோட்டில் விழும். 14 முதல் 16 மில்லிமீட்டர் கனத்தில் தொடங்கிப் பாருங்கள் என்பது என் எண்ணம். நடுவில் ஒரே மூட்டு உள்ள கம்பி இழுக்கும்போது பாக்குவெட்டி போல மடங்கும். இரண்டு மூட்டும் நடுவே உருண்டையான சிறு துண்டும் உள்ளது நாக்கின் மேல் படிந்து கிடக்கும். என் குதிரை தலையை உதறுவதை விட்டது அதற்கு மாற்றிய பிறகுதான்.

"ஓடுது, நிக்க மாட்டேங்குது" என்றதும் பக்கக் கம்பி நீண்ட, தாடைச் சங்கிலி வைத்த கடிவாளத்துக்குப் போய்விடுகிறார்கள். அது நெம்புகோல். கையில் லேசாக இழுத்தது வாயில் பல மடங்காக இறங்கும். வலிக்குப் பயந்து ஓடுகிற குதிரைக்கு மேலும் வலி கொடுத்தால் இன்னும் வேகமாகத்தான் ஓடும். வடசேரியில் ஒரு காலத்தில் குதிரைவண்டி ஓட்டிய பாட்டா ஒருவரிடம் யோசனை கேட்கப் போனபோது, அவர் கடிவாளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கம்பிய மாத்துகது இருக்கட்டு மக்களே, வாயத் தொறந்து பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கத்தி போல் கூர்ந்து, கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தது. மேயும்போது மென்ற புல்லை உருண்டை உருண்டையாகக் கீழே துப்புவது, ஒரு பக்கமே தலையைச் சாய்ப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். கடைவாய்க்கு முன்னால் முளைக்கும் சின்னஞ்சிறு ஓநாய்ப்பல்லில் கம்பி இடித்தாலும் இதே கதைதான். இரண்டரை வயது முதல் நாலரை வயது வரை பால்பல் விழுந்து முளைக்கும் காலம் என்பதால் அப்போது வாய் எப்படியும் நொந்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரைக் கொண்டு பல்லை அராவிச் சமன்செய்யுங்கள். மாடு, ஆடு பார்க்கும் எல்லாரிடமும் குதிரைப்பல் அராவும் கருவி இருக்காது; போவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயைத் திறக்கிறது என்று மூக்கைச் சுற்றி வரும் மூக்குவாரை இறுக்கிக் கட்டுவது இன்னொரு கொடுமை. மூக்குத் தண்டுக்கும் வாருக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கம்பியின் உயரத்துக்கு உதட்டோரச் சுருக்கத்தைப் பாருங்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு சுருக்கம் போதும். குதிரை சிரிப்பதுபோல் தெரிந்தால் கம்பியைத் தாங்கும் கன்னத்து வாரை ஒரு துளை இறக்குங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கென்றே ஒரு தொல்லை உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். முலாம் பூசிய மலிவுக் கம்பி சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். அந்தச் செதிலும் ஒரு முள்தான். துருப்பிடிக்காத எஃகில் வாங்கி, ஒவ்வொரு முறை கழற்றியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியை விட்டுவிட்டு வெறும் விரலால் மூட்டைச் சுற்றித் தடவிப் பாருங்கள். எங்காவது பிசிறு தட்டினால் கம்பியை மாற்றுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. நனைந்து நனைந்து தோல்வார் நீளும், கம்பி தானாகவே கீழே இறங்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சுருக்கத்தை எண்ணுங்கள்.

புதுக் கம்பி மாட்டிய அன்று ஏறி உட்காராதீர்கள். கால்மணி நேரம் லகான் (கையில் பிடிக்கும் வார்) இல்லாமல் மாட்டி, கையில் கொஞ்சம் அறுகம்புல் வைத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். வாயை மெல்ல அசைத்து, உதட்டோரம் கொஞ்சம் ஈரத்தோடு நின்றால் நல்லது. நாக்கைக் கம்பிக்கு மேலே தூக்கிப் போட்டால் கழற்றிவிட்டு, கயிற்றை எடுத்து மறுபடி அளங்கள்.