முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் வலிக்கு எந்த நரம்பு ஊசி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"மிஸ்ஸி, வலியே இல்லம்மா!" சிரித்துக்கொண்டே கட்டிலை விட்டு இறங்கினார் ஒரு பாட்டி. இரண்டாவது அடியில் முழங்கால் மடங்கிவிட்டது. பக்கத்தில் நின்றதால் தாங்கிப் பிடித்தேன். தொடையிடுக்கில் போட்ட ஊசி வலியோடு கால் பலத்தையும் தூங்க வைத்திருந்தது. சிங்கப்பூரில் எலும்பு வார்டுத் தாதியாக, அதாவது இங்கே சொல்வதுபோல் 'மிஸ்ஸி'யாக, இருக்கிறேன். "எதில் வலி குறைவு?" என்று மட்டும் குடும்பத்தார் கேட்டால் அந்தப் பாட்டி ஞாபகம்தான்.

படி 1: முழங்காலுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு

முன்பக்க, உட்பக்க வலியைப் பெரும்பாலும் தொடையின் முன்பக்க நரம்பான ஃபெமோரல் நரம்பின் கிளைகள் கொண்டுபோகின்றன. பின்பக்கத்தில், தொடையின் பின்னால் இறங்கும் சையாட்டிக் நரம்புக்குப் பெரும் பங்கு. ஆகவே ஓர் ஊசி எல்லா இடத்தையும் மரக்க வைக்காது.

படி 2: ஊசி எங்கே என்று கேளுங்கள்

தொடையிடுக்கில் என்றால் ஃபெமோரல் பிளாக் (பிளாக் என்றால் நரம்பை மரக்க வைக்கும் ஊசி). வலியை நன்றாக அடக்கும். ஆனால் முழங்காலை நீட்டி நிறுத்தும் தொடைத் தசைக்கும் அதே நரம்புதான் என்பதால் காலில் பிடிமானம் போய்விடும்.

நடுத்தொடையின் உட்பக்கம் என்றால் அடக்டர் கெனால் பிளாக். நரம்பு அங்கே வருவதற்குள் தசைக்கான கிளைகளில் பெரும்பாலானவை பிரிந்துவிடும். மிஞ்சுவதில் முக்கியமானது உணர்வு நரம்பு. வலி குறைப்பதில் இது ஃபெமோரலுக்கு அதிகம் பின்தங்குவதில்லை, கால் பலமும் பெரும்பாலும் தங்கும். அறுவை நாளிலோ மறுநாளிலோ பிசியோ வந்து நடக்கச் சொல்லும் இந்தக் காலத்தில் என் ஓட்டு இதற்குத்தான். ஆனாலும் மருந்து மேலே பரவினால் கால் தளரலாம்.

படி 3: பின்பக்கத்துக்கு என்ன செய்வார்கள்?

சையாட்டிக் பிளாக் வலுவானது. ஆனால் பாதத்தைத் தூக்க முடியாது. அறுவையில் நரம்பில் அடிபட்டிருக்கிறதா என்று சோதிப்பதும் தள்ளிப்போகும். ஐபேக் என்ற ஊசியில், முழங்காலுக்குப் பின்னாலுள்ள ரத்தக்குழாய்க்கும் மூட்டு உறைக்கும் நடுவே அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி மருந்து விடுவார்கள். பாதம் பெரும்பாலும் அசையும். சில அறுவை மருத்துவர்கள் அறுவையின்போதே மூட்டைச் சுற்றி மருந்து செலுத்திவிடுவார்கள். அடக்டர் கெனாலோடு இதைச் சேர்ப்பதும் உண்டு.

படி 4: கடிகாரத்தைப் பாருங்கள்

ஒருமுறை போடும் ஊசி ஏறக்குறைய 12 முதல் 24 மணி நேரம் தாங்கும். மெல்லிய குழாய் வைத்தால் இரண்டு மூன்று நாள் நீட்டலாம். காலையில் போட்ட ஊசி நடுராத்திரியில் விட்டுப்போனால் வலி ஒரேயடியாக ஏறும். "இப்போது வலிக்கவில்லையே" என்று மாத்திரையை ஒதுக்கி வைக்காதீர்கள். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எது இருந்தாலும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் அப்பா அம்மாவோடு பிள்ளைகள் யாராவது உடன் போவது நல்லது.

படி 5: எழுவதற்கு முன்

ஊசி போட்ட பிறகு காதில் இரைச்சல், வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் உலோகச் சுவை தெரிந்தால் உடனே சொல்லுங்கள். மருந்து ரத்தத்தில் அதிகம் கலந்திருக்கலாம்.

படுத்தபடியே காலை மடக்காமல் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால் இறங்கவே வேண்டாம். தூக்க முடிந்தாலும் தனியாக வேண்டாம். ராத்திரி கழிவறைக்கு என்றாலும் மணியை அழுத்துங்கள். "பாவம், மிஸ்ஸிக்கு எவ்வளவு வேலை" என்று தயங்குவதில் நம் பாட்டிகளை மிஞ்ச ஆளில்லை. மணி இருப்பதே அதற்குத்தான், பாட்டி.