கல்யாண நாள் விருந்தில் குடிக்கிற செலவு யாருடையது?

கல்யாண நாளுக்கு விருந்து வைக்கப்போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "சாப்பாடு நாங்க போட்டுடறோம். குடிக்கிறதுக்கும் நாங்களேதான் கொடுக்கணுமா?"

ஆமாம், நீங்களேதான் கொடுக்க வேண்டும். நீங்கள் கூப்பிட்டு வந்தவர் உங்கள் விருந்தில் பர்ஸைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் கொடுக்க வசதி இல்லையா, கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் மட்டும் கொடுங்கள், ஒரே ஒரு வகை கொடுங்கள், ஜூஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதுவே இல்லாத விருந்தும் விருந்துதான். ஆனால் கொடுக்கிற எதற்கும் காசு வாங்க வேண்டாம்.

நான் இப்படிப் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் என் பெரியப்பா. சில வருடங்களுக்கு முன் உறவில் ஒரு வெள்ளிவிழா. பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் வைத்திருப்பது போக வரச் செலவுக்கு மட்டும். பரிசுக் கவரை வாசலிலேயே கொடுத்துவிட்டார். உள்ளே போய் கவுன்ட்டரில் தனக்கொன்றும் பெரியம்மாவுக்கொன்றுமாக இரண்டு ஆரஞ்சு ஜூஸ் கேட்டார். கவுன்ட்டர் பையன் இரண்டு கிளாஸையும் வைத்தான், பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் பில்லையும் வைத்தான். பெரியப்பா கண்ணாடியை எடுத்து மாட்டி அதைப் படித்தார். சட்டைப் பையைத் தடவினார், பிறகு பேன்ட் பையை. அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "ஒண்ணு போதும் தம்பி" என்று ஒரு கிளாஸைப் பின்னால் தள்ளி வைத்தார். நான் எட்டிப் போவதற்குள் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டார். அன்று இரவு முழுக்க இருவரும் அந்த ஒரு கிளாஸை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

விருந்து வைத்தவர்கள் கஞ்சர்கள் இல்லை. "பார் தனி" என்று ஹால்காரர்களிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் நினைத்தது மதுவை மட்டும். ஹால்காரர்கள் புரிந்துகொண்டது கவுன்ட்டரில் இருக்கும் எல்லாவற்றையும். அங்கே குறைவாக இருந்தது பணம் இல்லை, ஒரே ஒரு வாக்கியம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தொகை, அப்புறம் பட்டியல்

யார் யாரைக் கூப்பிடுவது என்று உட்காருவதற்கு முன்னால், குடிக்கிற பொருட்களுக்கு மட்டும் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று இருவரும் பேசி ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதுங்கள். சாப்பாட்டுக் கணக்கோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் கடைசி வாரத்தில் இது அதைத் தின்றுவிடும்.

அடுத்து, ஹாலில் எந்த முறை இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் குறித்த நேரம் வரை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றுவார்கள். இதைத்தான் ஓப்பன் பார் என்கிறார்கள். இரண்டாவது, குடித்த அளவுக்கு பில். மூன்றாவது, பாட்டிலை நீங்களே வாங்கிக்கொண்டு போவது. அதற்குத் திறக்கிற ஒவ்வொரு பாட்டிலுக்கும் கார்க்கேஜ் என்று ஒரு கட்டணம் கேட்பார்கள்.

வந்தவர்களில் பாதிப் பேர் குடிக்காதவர்கள் என்றால் தலைக்கணக்கு நஷ்டம். ஜூஸ் குடிக்கிற பெரியம்மாவுக்கும் விஸ்கி விலை கட்டிக்கொண்டிருப்பீர்கள். குடிக்கிறவர்கள், குடிக்காதவர்கள் என்று இரண்டு விலை உண்டா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். குடித்த அளவுக்கு பில் என்றால் ஒரு உச்ச வரம்பு சொல்லி, "முக்கால்வாசி வந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார்க்கேஜ் முறையில் கட்டணத்தையும் வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.

டோக்கன் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுத்தால் செலவு கட்டுக்குள் நிற்கும், உண்மைதான். ஆனால் குடிக்காதவர் சீட்டு குடிக்கிறவர் கைக்குப் போகும், ஒருவர் நான்கு டோக்கனோடு நிற்பார். உங்களைப் பார்க்க வந்தவர் கையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்க்கவும் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. அதற்குப் பதில் வகையைக் குறைப்பது எவ்வளவோ மேல். வைன், பியர், ஒரே ஒரு விஸ்கி அல்லது ரம், அவ்வளவு போதும். எது இருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி கவுன்ட்டரில் வைத்துவிட்டால் இல்லாததை யாரும் கேட்க மாட்டார்கள்.

எவ்வளவு வாங்குவது

இங்கேதான் பலர் பயந்து இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். எங்கள் 25-ஆவது கல்யாண நாளுக்கு நான் போட்ட கணக்கை அப்படியே சொல்கிறேன்.

மொத்தம் 64 பேர். பெயர் பெயராக உட்கார்ந்து குறித்ததில் குடிக்கிறவர்கள் 28 பேர். முதல் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு 2 கிளாஸ், அதன் பிறகு மணிக்கு 1 என்பது விருந்து நடத்துகிறவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. கவுன்ட்டர் 3 மணி நேரம். ஆக ஆளுக்கு 4, மொத்தம் 112 கிளாஸ்.

பாதி வைன் என்று வைத்துக்கொண்டேன், 56 கிளாஸ். 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் 5 கிளாஸ் வரும், அதனால் 12 பாட்டில். கால் பங்கு பியர், 28 சின்ன பாட்டில். மிச்சம் கால் பங்கு விஸ்கி, 28 லார்ஜ். ஒரு லார்ஜ் 60 மி.லி. என்றால் 1,680 மி.லி., அதாவது 750 மி.லி. பாட்டில் 3. வாழ்த்துச் சொல்லி எல்லோரும் சேர்ந்து குடிக்க நுரைக்கும் வைன் வைப்பதாக இருந்தால் அதற்கு 125 மி.லி. போதும், பாட்டிலுக்கு 6 பேர். ஐஸ் ஆளுக்கு அரைக் கிலோ. எங்களுக்கு 32 கிலோ ஆனது, மீதியே இல்லை. சோடாவும் தண்ணீரும் மட்டும் கணக்குக்கு மேலேயே வாங்குங்கள்.

வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி: "திறக்காத பாட்டிலைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?" எடுப்பேன் என்றால், எல்லாவற்றையும் ஒரேயடியாக ஐஸ் தொட்டியில் போடாதீர்கள். லேபிள் நனைந்து உரிந்த பாட்டிலை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். நாலு நாலாகப் போடச் சொல்லுங்கள்.

குடிக்காதவர்களுக்கு

குடிக்காதவர்களை மிச்சக் கணக்காக நினைக்காதீர்கள். எங்கள் விருந்தில் அவர்கள் 36 பேர், குடிக்கிறவர்களைவிட அதிகம். வயிற்றில் பிள்ளையோடு வருகிறவர், மாத்திரை சாப்பிடுகிறவர், வண்டி ஓட்டப்போகிறவர், கஷ்டப்பட்டுக் குடியை விட்டவர், எப்போதுமே தொடாதவர் என்று எல்லோரும் அதில் உண்டு. அவர்களுக்கும் நல்ல ஜூஸ், அதே அழகான கிளாஸ், அதே கவுன்ட்டர். வாழ்த்துச் சொல்லும்போது அவர்கள் கையிலும் கிளாஸ் இருக்க வேண்டும். "ஏன் குடிக்கல?" என்று யாரையும் கேட்க வேண்டாம். குடியை விட்ட ஒருவருக்கு அந்தக் கேள்வியைத் தாண்டுவதே அன்றைய பெரிய வேலையாக இருக்கும்.

சொல்லிவிடுங்கள்

மது இருக்கிறதா இல்லையா என்பதை அழைப்பிலேயே தெரிவித்துவிடலாம். அச்சடித்த அழைப்பிதழில் விலை, காசு, பார் என்றெல்லாம் போட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒரு வரி போதும். நான் அனுப்பியது இது: "சாப்பாடும் வைன், பியர், ஜூஸும் எங்கள் பொறுப்பு. கவுன்ட்டர் ஏழு மணியிலிருந்து பத்து வரை. வண்டி எடுக்காமல் வாருங்கள்."

மது இல்லாத விருந்தா? "இந்தத் தடவை ஜூஸும் காபியும்தான், பேசிக்கொண்டிருக்க வாங்க" என்று எழுதுங்கள். மன்னிப்பு கேட்கிற தொனி வேண்டாம்.

எல்லோரும் பகிர்ந்து கொடுக்கிற மாதிரி ஓட்டலில் கூடுகிற நண்பர் கூட்டம் வேறு. அது விருந்து இல்லை, சந்திப்பு. அதில் தப்பே இல்லை, "அவங்கவங்க பில் அவங்கவங்க" என்று கூப்பிடும்போதே சொல்லியிருந்தால். மேஜையில் பில் வந்த பிறகு சொல்வதுதான் தப்பு.

பிள்ளைகள் சேர்ந்து அப்பா அம்மாவுக்கு நடத்தினால் விருந்து வைப்பவர்கள் பிள்ளைகள்தான். ஹாலில் கொடுக்கிற போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும். பில்லைப் பிடித்தபடி ஒருவர் அப்பாவைத் தேடிப் போகிற நிலை வரக் கூடாது.

கடைசியாக, அந்த ஒரு வாக்கியம். அன்று சாயங்காலம் சீக்கிரமே போய், கவுன்ட்டரில் நிற்கப்போகிற ஆளையே நேரில் பாருங்கள். மேனேஜரிடம் சொன்னது அவர் காதுக்குப் போயிருக்காது. "தம்பி, இன்னிக்கு யார்கிட்டயும் காசு வாங்கக் கூடாது. அட்டையில இல்லாததை யாராவது கேட்டா இல்லைன்னு சொல்லுங்க, விலை சொல்லாதீங்க. சந்தேகம்னா என்கிட்ட வாங்க." டிப்ஸ் போடுகிற கண்ணாடி ஜாடியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், டிப்ஸையும் முன்கூட்டியே நீங்களே கொடுத்துவிடுங்கள்.

மூடுகிற நேரம்

விருந்து முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கவுன்ட்டரை மூடுங்கள். செலவு குறைவது ஒரு பக்கம், வீடு திரும்புவது இன்னொரு பக்கம். 12 சதவீத வைன் ஒரு கிளாஸில் சுமார் 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 40 சதவீத விஸ்கி ஒரு லார்ஜில் சுமார் 19 கிராம். உடம்பு ஒரு மணி நேரத்தில் கரைப்பது தோராயமாக 7 முதல் 10 கிராம்தான், ஒரு கிளாஸைவிடக் குறைவு. காபியோ பச்சைத் தண்ணீரோ அதை வேகப்படுத்தாது. மூன்று கிளாஸ் குடித்துவிட்டு "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சாவியை எடுக்கிறவரிடம், உறவு கெட்டாலும் பரவாயில்லை என்று சாவியை வாங்குங்கள். டாக்ஸிக்கு ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். எங்கள் விருந்தில் மூன்று வண்டிகள் இரவு ஹாலிலேயே நின்றன, காலையில் வந்து எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் கவுன்ட்டர் தம்பியோடு நின்று காலி பாட்டில், திறந்தது, திறக்காதது என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். தொடங்குவதற்கு முன் எண்ணியதோடு ஒத்துப்போகிறதா பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே பில்லை முடியுங்கள். மறுநாள் என்று விட்டால் எண்ணிக்கை மாறும். எங்களுக்கு வைன் 3 பாட்டில், விஸ்கி ஒன்று மிஞ்சியது. ஜூஸ்தான் ஒன்பதரை மணிக்கே தீர்ந்து, இன்னொரு தடவை வாங்கி வர ஆள் அனுப்பினோம். பெரியப்பா இரண்டு கிளாஸ் வாங்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.