நம்ம அவரை: கொடி வளர்த்து விதை எடுத்து வைப்பது எப்படி

எங்கள் வீட்டு அவரைக்குத் தனிப் பெயர் கிடையாது, “நம்ம அவரை” என்றுதான் சொல்வோம். பூ ஊதா. காய் அகலமாகப் பச்சையாக இருக்கும், ஓரத்தில் மட்டும் சேலைக்குக் கரை வைத்த மாதிரி கருஞ்சிவப்பு. முற்றிய விதை கறுப்பு, அதன் விளிம்பில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. அப்பத்தாவின் அம்மா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பர்மாவுக்குக் கப்பலில் வந்தபோது கொண்டுவந்த விதை என்று வீட்டில் சொல்வார்கள். தட்டோன் பக்கம் எங்கள் வேலியில் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்த அதை, என் பொறுப்புக்கு வந்த இரண்டாவது வருஷமே நான் தொலைத்தேன். ஆனி மாதம் டப்பாவைத் திறந்தால் அத்தனை விதையிலும் வட்டமாக ஓட்டை, அடியில் மாவு. அப்பத்தா எப்போதோ பக்கத்துத் தெருவில் மோன் இனத்து அம்மா ஒருவருக்குக் கொடுத்து வைத்திருந்ததால்தான் அது பிழைத்தது. அந்த அம்மா 19 விதை எண்ணிக் கொடுத்தார். பத்தை நட்டேன், ஒன்பதைப் பத்திரமாக வைத்தேன். முதல் பாடமே அதுதான்: கையில் இருக்கிற விதை முழுவதையும் ஒரே வருஷத்தில் மண்ணில் போடாதீர்கள்.

இனி முதல் தடவை நடுகிறவர்களுக்கு, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

விதை எங்கே தேடுவது

கடைப் பாக்கெட்டில் ஒட்டுரகம் என்று போட்டிருந்தால் அது சாப்பிடக் காய்க்கும், ஆனால் அதன் விதையை எடுத்து நட்டால் தாயைப் போல வராது. வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் கேளுங்கள். தமிழர் வீடு என்றில்லை, பர்மியர்கள் லப்பெ (ஊறவைத்த தேயிலை) தட்டில் வறுத்து வைக்கிற பெஜீ என்கிற பருப்பும் இதே அவரை இனம்தான், அதனால் அவர்கள் வேலியிலும் நல்ல பழைய ரகங்கள் உண்டு. பத்துப் பதினைந்து விதை போதும். ஓட்டை, சுருக்கம், பூசணம் இல்லாததாகப் பாருங்கள். கொடுப்பவரிடம் அதை எப்போது நடுவார்கள், எப்போது காய்க்கும், எப்படிச் சமைப்பார்கள் என்று கேட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள்.

எப்போது நடுவது

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்று ஊரில் சொன்னதை இங்கே அப்படியே பின்பற்றினால் விதை அழுகும். மோன் மாநிலத்தில் மௌலமியாயின் பக்கம் வருஷத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஆடியில் அது உச்சத்தில் இருக்கும். ரங்கூனில் அதைவிடக் குறைவு, அங்கேயும் ஆடி ஆடிதான். ஆனால் பழமொழியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நான் ஆடிக் கடைசியில் தாழ்வாரத்தில் சின்ன பாலித்தீன் பையில் முளைக்க வைத்து, ஆவணிக் கடைசியில் மழை விட்ட ஒரு நாள் பார்த்து, வேர் கலையாமல் பையைக் கிழித்து நடுகிறேன். நேராக மண்ணில் போடுவதென்றால் புரட்டாசி பிறக்கட்டும்.

இன்னும் முன்னால், வைகாசியிலேயே நட்டால் என்ன என்று கேட்பார்கள். பழைய அவரை ரகங்கள் பெரும்பாலும் பகல் குறுகினால்தான் பூக்கும். எங்கள் பக்கம் ஜூனில் பகல் சுமார் 13 மணி நேரம், டிசம்பரில் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். சீக்கிரம் நட்ட கொடி ஐப்பசி வரைக்கும் வெறும் இலையாக ஓடிக் கூரையை மூடும், அதற்குள் பூச்சியும் குடியேறிவிடும். கார்த்திகையில் பூத்து, பொங்கலுக்குக் காய் பறித்து, மாசியில் நெற்று எடுப்பதுதான் கணக்கு. அந்த மாதங்களில் இங்கே மழை இருக்காது, விதை கொடியிலேயே காயும். இதைவிட விதைக்காரனுக்கு என்ன வேண்டும்?

மண்ணும் பந்தலும்

தண்ணீர் நின்றால் அவரை தாங்காது. ஒரு அடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி மேடு கட்டுங்கள், நன்றாக மக்கிய சாணம் இரண்டு கூடை, ஒரு கை சாம்பல். அதற்கு மேல் உரம் வேண்டாம், தழைச்சத்து கூடினால் பூ குறையும். மேட்டுக்கு மேடு நாலடி இடைவெளி. ஒரு அங்குல ஆழத்தில் மூன்று விதை, ஐந்து முதல் ஏழு நாளில் முளைக்கும், அப்புறம் திடமான இரண்டை விட்டு ஒன்றைக் கிள்ளிவிடலாம். ஈர மண்ணில் போடும் விதையை ஊறவைக்கத் தேவையில்லை. நத்தைதான் இந்த நேரத்துப் பெரிய எதிரி, ஒரே ராத்திரியில் குருத்தை மொட்டையாக்கிவிடும். மழையில் சாம்பல் வட்டம் நிற்காது, ஆகவே இருட்டியதும் டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கையால் பொறுக்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரிந்ததில்லை.

பந்தலுக்கு மூங்கில் போதும், போன வருஷத்து மூங்கில் வேண்டாம், காய்க்கிற நேரத்தில் முறியும். கை எட்டுகிற உயரத்தில் கட்டுங்கள். விதை எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு காயையும் கிட்டே பார்க்க வேண்டியிருக்கும்.

எந்தக் காயை விதைக்கு விடுவது

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. நல்ல காயை எல்லாம் குழம்புக்குப் பறித்துவிட்டு, சீசன் முடிவில் புழு விழுந்த, வளைந்த, கைக்கு எட்டாத காயை விதைக்கு என்று விடுகிறோம். நாலு வருஷம் அப்படிச் செய்தால் கொடியும் அப்படியே ஆகும், தாமதமாகக் காய்ப்பதையும் நோஞ்சானையும்தானே தேர்ந்தெடுத்து நட்டிருக்கிறோம்! முதல் பறிப்பு, இரண்டாம் பறிப்பு வரும்போதே கொடிகளைச் சுற்றிப் பாருங்கள். நிறையக் காய்க்கிற, பூச்சி குறைவான, நம் ரகத்தின் நிறம் மாறாத கொடி எது? அதில் நல்ல கொத்துகளுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், நூல் கட்டியதை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். ஒரே கொடியிலிருந்து எல்லாவற்றையும் எடுக்காமல், முடிந்தால் ஆறேழு கொடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் ரகத்தின் பலம் குறையாது.

இலை திட்டுத் திட்டாக மஞ்சளும் பச்சையுமாக நெளிந்திருக்கிற கொடியைப் பிடுங்கி எறியுங்கள். சில வைரஸ் நோய்கள் விதை வழியாகவே அடுத்த வருஷத்துக்கு வரும். குருத்தில் கறுப்பாக அசுவினி அப்பியிருந்தால் தண்ணீரை வேகமாக அடித்தாலே பெரும்பகுதி போய்விடும்.

அவரையில் பெரும்பாலும் அந்தந்தப் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்துவிடும், ஆனால் தேனீயும் கருவண்டும் வந்தால் கொஞ்சம் கலப்பு நடக்கும். இரண்டு ரகம் வைத்திருந்தால் வீட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நடுங்கள். அதுவும் முடியாவிட்டால், விதைக்கென்று குறித்த கொத்தைப் பூ விரியும் முன்பே கொசுவலைத் துணிப் பையால் மூடிக் கட்டுங்கள், காய் பிடித்ததும் எடுத்துவிடலாம்.

நெற்று எடுத்துக் காயவைப்பது

காய் மஞ்சளாகி, அப்புறம் வைக்கோல் நிறமாகிச் சுருங்கும். காதருகே ஆட்டினால் உள்ளே கலகலவென்று கேட்க வேண்டும். பருவம் தப்பி மழை வரும் போலிருந்தால் மஞ்சளானதைப் பறித்து வீட்டுக்குள் பாயில் பரப்புங்கள். தோலோடு ஒரு வாரம், உரித்த பிறகு இன்னும் ஒரு வாரம், காலை வெயிலும் மதிய நிழலுமாக. தகரக் கூரை மேல் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் விதை செத்துவிடும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு விதையைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். தட்டையாக நசுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. கண்ணாடி போலத் தெறித்து உடைந்தால் சரி. இதில் அவசரப்படவே கூடாது, ஏனென்றால் விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வைக்கிற இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. சூட்டைக் குறைக்க நம்மால் அதிகம் முடியாது, ஈரத்தைக் குறைக்க முடியும்.

வண்டும் பாட்டிலும்

என் விதையைத் தின்ற வண்டு டப்பாவுக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. அது காய்மேலும் விதைமேலும் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டி வைக்கும், புழு உள்ளே துளைத்துப் போய்த் தின்று வளரும், வண்டாகி வெளியே வரும்போதுதான் நமக்கு ஓட்டை தெரியும். நன்றாகக் காய்ந்த விதையை ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும், ஆனால் நம் ஊர் மின்வெட்டில் அதை நம்பி இருக்க முடியாது. அப்பத்தா சொன்ன சாம்பல்தான் எனக்குக் கைகொடுக்கிறது: சலித்த, ஆறிய விறகுச் சாம்பல் ஏறக்குறைய விதையின் அளவுக்கே. பால் டப்பாவால் விதை ஒன்று அளந்தால் சாம்பலும் ஒன்று. விதைகளுக்கு நடுவே இருக்கிற இடுக்கையெல்லாம் சாம்பல் அடைத்துவிட்டால் வண்டு நடமாட முடியாது. நான் முன்பு ஒரு கை சாம்பல் தூவி நிறுத்திக்கொண்டேன், அது போதவில்லை. சாம்பல் பிடிக்காதவர்கள் ஒரு கிலோ விதைக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய் தடவலாம்.

அப்புறம் இறுக மூடுகிற கண்ணாடிப் பாட்டில், விளிம்பு வரை நிரப்பி, இருட்டான மூலையில். வைகாசி முதல் ஐப்பசி வரை அதைத் திறக்கவே வேண்டாம், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மழைக்காற்று உள்ளே போகும். நடுவதற்கான விதையை மட்டும் முன்கூட்டியே சின்னப் பொட்டலமாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ரகம், வருஷம், யார் கொடுத்தது என்று சீட்டு எழுதி உள்ளேயே போடுங்கள், வெளியே ஒட்டினால் கரப்பான் தின்றுவிடும்.

நடுவதற்கு முன்னால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்துதான் என்றால் இரண்டு மடங்கு போட்டு, அந்த வருஷமே புதுசாக விதை எடுத்துவிடுங்கள்.

மிஞ்சிய காய்ந்த விதையைச் சமைக்கலாம், ஆனால் ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் முதல் கொதி தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான். கறுப்பு விதையில் சயனைடு தரும் பொருள் உண்டு, வறுத்து அப்படியே குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

போன மாசியில் மூன்று பாட்டில் கட்டினேன். ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று பெகுவில் அத்தை வீட்டில். மூன்றாவதை மோன் அம்மாவிடம் கொண்டுபோய், அவர்கள் வீட்டு அவரையோடு கலந்துவிடாமல் வையுங்கள் என்று சொன்னேன். அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், அப்பத்தா கொடுத்த விதைக்கென்று கிணற்றடியில் இத்தனை வருஷமும் தனியாக ஒரு பந்தல் போட்டு வைத்திருக்கிறார்.