ஸ்டீயரிங் லேசானால் என்ன அர்த்தம்? சாலைப் பிடிப்பைக் கையால் அறியும் பயிற்சி

முன் டயர்கள் வழுக்கப் போகின்றன என்பதை ஸ்டீயரிங் பெரும்பாலும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடும். புதிதாகக் கார் ஓட்டுகிறவர்கள் இதை வேகமாக ஓட்டுபவர்களின் கலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மெதுவாக ஓட்டுபவருக்கும் இது தேவை.

வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராக வரப் பார்க்கும். சக்கரம் பொருத்தப்பட்ட சாய்வு அதற்கு ஒரு காரணம், டயர் இன்னொரு காரணம். டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். வளைவில் பக்கவாட்டு விசை அந்த இடத்தின் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுகிறது, அதனால் சக்கரத்தை நேராக்கும் முறுக்கு உண்டாகிறது. நம் கைக்குத் தெரியும் கனத்தில் பெரும்பங்கு அதுதான். பிடிப்பின் எல்லை நெருங்கும்போது அந்தப் பின்பகுதி முதலில் வழுக்கத் தொடங்கும். உடனே முறுக்கு குறைந்து ஸ்டீயரிங் லேசாகும். ஆனால் டயர் அப்போதும் காரைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சின்ன இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

படி 1: டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காற்று குறைந்தால் கனமே மாறிவிடும். கைகளை 9 மணி, 3 மணி நிலையில் தளர்வாக வையுங்கள். இறுக்கிப் பிடித்த கைக்கு எதுவும் தெரியாது.

படி 2: காய்ந்த சாலையில், போக்குவரத்து இல்லாத நேரத்தில், பழகிய ஒரு வளைவைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கு 30 கி.மீ. போன்ற நிதானமான, ஒரே வேகத்தில் திரும்பத் திரும்பப் போங்கள். கை எவ்வளவு கனத்தைத் தாங்குகிறது என்பது மனதில் பதியட்டும். எல்லையைத் தொட்டுப் பார்க்கவே வேண்டாம். இயல்பு தெரிந்தால்தான் மாற்றம் தெரியும்.

படி 3: அதே வளைவில் மழை நாளில் இன்னும் மெதுவாகப் போய் ஒப்பிடுங்கள். நீண்ட வெயிலுக்குப் பின் மழை தொடங்கும் முதல் சில நிமிடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். தரையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும்.

படி 4: மாற்றங்களைப் பிரித்தறியுங்கள். மணல், ஜல்லி என்றால் மெல்லிய நறநறப்பும் கூடவே லேசான உணர்வும் வரும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தேங்கிய நீரில் இறங்கினால் கார் அந்தப் பக்கம் இழுக்கும். நீர்ப்படலத்தின் மேல் டயர் மிதக்க ஆரம்பித்தால் திருப்புவதற்குக் கனமே இருக்காது.

படி 5: லேசானதும் என்ன செய்வது? இங்குதான் பலர் தவறுகிறார்கள். கார் திரும்பவில்லையே என்று இன்னும் அதிகமாகத் திருப்புவார்கள். ஏற்கெனவே எல்லையில் இருக்கும் டயரிடம் மேலும் கேட்டால் அது தராது. அப்புறம் திடீரெனப் பிடிப்பு திரும்பும்போது கார் வெடுக்கென்று உள்பக்கம் பாயும். அதனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், கூடுதலாகத் திருப்பாதீர்கள், இடம் இருந்தால் ஸ்டீயரிங்கைச் சற்றே நேராக்குங்கள். கனம் மீண்டும் கைக்கு வந்தால் டயர் பிடித்துவிட்டது. நீரில் மிதக்கும்போதும் இப்படித்தான்: ஸ்டீயரிங்கை நேராக, அசையாமல் வைத்திருங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்.

சரி, எல்லாக் காரிலும் இது ஒரேபோலத் தெரியுமா? தெரியாது. மின்சாரப் பவர் ஸ்டீயரிங் உள்ள சில கார்களில் இந்த உணர்வு மிகவும் மங்கலாக இருக்கும், கூர்ந்து கவனிக்க வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் காரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் கனம் மாறும், அதனால் பயிற்சியின்போது வேகத்தைச் சீராக வையுங்கள். பின் டயர்கள் பிடிப்பை இழப்பதை ஸ்டீயரிங் முதலில் சொல்லாது. இருக்கையில் இடுப்பு பக்கவாட்டில் நகர்வதுபோல உணர்வீர்கள், அதற்கும் உடம்பைப் பழக்குங்கள்.