ஜொள்ளு வடிவது வேறு, விடுவது வேறு

பக்கவாதம் வந்த பெரியவரைப் பற்றி டாக்டரிடம் சொல்லும்போது, "அப்பா ஜொள்ளு விடுறார்" என்று யாராவது சொல்வார்களா? பேச்சில் சொல்லமாட்டார்கள். ஆனால் உடல்நலக் குறிப்புகளைத் தமிழாக்குகிறவர்கள் அகராதியைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். வாய் கோணி எச்சில் ஒழுகுவது நோயின் அறிகுறி. அதை 'ஜொள்ளு விடுதல்' என்று எழுதினால் நோயாளியைக் கேலி செய்தது போல ஆகிவிடும். 'வாயோரம் எச்சில் ஒழுகுகிறது' என்றோ 'உமிழ்நீர் வடிகிறது' என்றோ எழுதினால் போதும்.

தப்பு 'ஜொள்ளு' என்ற சொல்லில் இல்லை, கூட வரும் வினையில்தான் இருக்கிறது. வடிவதும் ஒழுகுவதும் தானாக நடப்பவை; தூங்குகிறவன் வாயில் ஜொள்ளு வடிந்தால் அவன் மேல் குற்றமில்லை. 'விடு' என்று வந்ததும் ஆசை உள்ளே நுழைந்துவிடுகிறது. பஸ் ஸ்டாப்பில் நின்று பெண்களையே பார்த்துக்கொண்டிருப்பவன் ஜொள்ளு விடுகிறான், அவனுக்கு ஜொள்ளுப் பார்ட்டி என்று பட்டமும் கிடைக்கும். பிரியாணியையும் புது பைக்கையும் பார்த்துக்கூட ஜொள்ளு விடலாம். கைக்குழந்தைக்கு மட்டும் விதிவிலக்கு. "பாப்பா ஜொள்ளு விடுது" என்றால் சட்டை நனைகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வினை 'ஊறுதல்'. ஊறுவது வாய்க்குள்ளேயே நிற்கும், ஒழுகுவது வெளியே வரும். மாங்காயில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவுவதைப் பார்த்தால் எச்சில் ஊறும். அங்கே 'எச்சில் ஒழுகியது' என்று எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார். காதலியின் வாய்நீரைப் பாலும் தேனும் கலந்ததற்கு ஒப்பிடும் 1121ஆம் குறளிலும் 'வாலெயிறு ஊறிய நீர்' என்றுதான் இருக்கிறது. 'வடிந்த நீர்' என்று போட்டுப் பாருங்கள், காதலே கெட்டுப்போகும்.

'எச்சில்' என்பதையும் எல்லா இடத்திலும் போட முடியாது. எச்சில் இலை, எச்சில் தட்டு என்னும்போது அது வாய் பட்டது, மிச்சம் என்ற பொருளில் வருகிறது. அதனால்தான் பாடப்புத்தகம் 'உமிழ்நீர்ச் சுரப்பி' என்கிறது. 'எச்சில் சுரப்பி' என்று எழுதுவதில்லை. ஜொள்ளு வடிவதை யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'வீணி வடியுது' என்பார்கள். அதை எழுத்துப்பிழை என்று நினைத்து 'வாணி' என்று திருத்தி வைக்க வேண்டாம்.

எழுத்துப்பிழையும் உண்டு. 'ஜொல்லு' அல்ல, 'ஜொள்ளு'. கன்னடத்தில் 'ஜொல்லு', தெலுங்கில் 'சொல்லு' என்று லகரம் வரும். தமிழில் ளகரம்தான்.

எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. ஒரு பெண்ணைத் தினமும் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவனை "சும்மா ஜொள்ளு விடுறான்" என்று சொல்லிவிடுவது. ஜொள்ளு என்பது தூர நின்று வாய் பிளப்பது. அதைத் தாண்டி வந்தவனுக்கு அந்தச் சொல் ரொம்பச் சலுகை.

'அசடு வழிதல்' பக்கத்து வீட்டுச் சொல்தான், ஆனாலும் ஒன்றல்ல. அவளைப் பார்த்து ஜொள்ளு விட்டான்; அவள் அண்ணன் பின்னால் வந்து நின்றதும் அசடு வழிந்தான்.