ரோமானிய முத்திரை மோதிரம் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் கைபேசியில் ஒரு படம் காட்டினார். தங்க மோதிரம், நடுவில் சூதுபவளத்தில் குழிவாகச் செதுக்கிய மெர்க்குரி தேவன். “கல் முதல் நூற்றாண்டு, அப்படியானால் மோதிரமும் முதல் நூற்றாண்டுதானே?” என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

பொன்முலாம் பூசிய பித்தளையிடம் ஏமாறுவதைப் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எவருக்கும் தெரியும்.

கல்லுக்கும் பொன்னுக்கும் ஒரே வயது என்று நினைப்பது

பொன்னை எப்போது வேண்டுமானாலும் உருக்கலாம். செதுக்கிய கல்லை உருக்க முடியாது. அதனால் கல் மட்டும் தப்பிப் பிழைக்கும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ரோமுக்குச் சுற்றுலா வந்த செல்வந்தர்கள் பழைய கற்களை வாங்கிப் புதுப் பொன்னில் கட்டிக்கொண்டார்கள். அந்த நகரத்துக் காஸ்தெல்லானி குடும்பமோ பழைய பாணியில் நகை செய்தே பெயர் வாங்கியது.

எனக்குக் கிடைத்தது அப்படி ஒன்று. அதன் கல்லிலும் மெர்க்குரிதான். ஏலப் பட்டியலில் ‘ரோமானிய மோதிரம்’ என்றிருந்தது. மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். பிறகு ஒரு முதிய பொற்கொல்லரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கல் கிழவன், கட்டடம் குமரன்” என்றார்.

காரணம் எளிது. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் சூதுபவளத்துக்கு ஏறக்குறைய 7. பொன்னுக்கு 3கூட இல்லை. இரண்டும் ஒரே விரலில் கிடந்து தேய்ந்திருந்தால் முதலில் பொன் அல்லவா மழுங்க வேண்டும்? என் கல்லின் முகமெல்லாம் கீறல். பொன் விளிம்போ நேற்றுச் சீவியதுபோல் கூர்மையாக இருந்தது. போதாததற்குக் கல்லின் ஓரத்தில் ஒரு பழைய உடைப்பு. அது பொன் விளிம்புக்கு அடியிலும் தொடர்ந்தது. உடைந்த பிறகுதான் கட்டியிருக்கிறார்கள்.

விற்கப்போனபோது கல்லுக்கு ஒரு விலை, பொன்னுக்கு எடை விலை, அவ்வளவுதான். இன்றும் எரிச்சலூட்டுவது பணம் போனதல்ல. ஏலத்தன்று லென்ஸ் என் சட்டைப்பையிலேயே இருந்தது. மெர்க்குரியின் தொப்பியை ரசிக்க மட்டுமே அதைப் பயன்படுத்தினேன்.

கல்லில் உள்ள கலைஞர் கையெழுத்தை நம்புவது

ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவ முத்திரையைச் செதுக்கியவர் டயோஸ்குரிடீஸ். அவர் பெயர் இருந்தால் விலை ஏறும் என்பது போலி செய்கிறவனுக்கும் தெரியும். போலந்து இளவரசர் போனியாடோவ்ஸ்கி சேர்த்து வைத்திருந்த சுமார் 2,500 கற்களில் பெரும்பாலானவை அவர் காலத்திலேயே செதுக்கியவை. பலவற்றில் பழங்காலக் கலைஞர்களின் பெயர்கள். 1839இல் அவை லண்டனில் ஏலத்துக்கு வந்தன.

கல்லையே பார்த்து உருவத்தை விவரிப்பது

முத்திரைக் கல்லில் உருவம் இடவலம் மாறியிருக்கும். மெழுகில் பதித்த படத்தைப் பாருங்கள். இடக்கை வலக்கையாகும்.

கண்ணாடி என்றால் போலி

இல்லை. ரோமானியர்களே கண்ணாடியை அச்சில் வார்த்து மலிவு முத்திரைகள் செய்தார்கள்.

சின்ன மோதிரம் என்றால் குழந்தையுடையது

விரல் கணுக்களுக்கென்றே சிறிய மோதிரங்கள் அணிந்ததை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

மெருகேற்றுவது

வேண்டாம்.

அந்த இளைஞரிடம் பொன் விளிம்பை நெருக்கத்தில் எடுத்த படம் கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.