கூண்டு எண் ஏற்றிப் பழகுங்கள்

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். நிலைமை முற்ற முற்ற எண் மாறும். 10 என்றால் பேராபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனது. புயல் வேறு பக்கம் திரும்பினால் கூண்டை இறக்கிவிடுவார்கள். "நேத்து ஏத்துனியே, இன்னைக்கு ஏன் எறக்குன?" என்று துறைமுகத்தை யாரும் கேலி செய்வதில்லை. சொன்ன கருத்தை மாற்றிக்கொள்வது என்றால் மட்டும் நமக்கு மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. "வரும்", "வராது" என்று இரண்டே வார்த்தையில் பேசிப் பழகியதுதான் காரணம். நடுவில் எண்கள் இருந்தால் மாறுவது சுலபம்.

கணிப்புக்கு எண் போட்டுப் பழக 40 பக்க நோட்டு ஒன்று போதும். ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, கணிப்பு, எண் (நடக்கும் வாய்ப்பு, 0 முதல் 100 வரை), முடிவு தெரியும் நாள், நடந்ததா. வாரத்துக்கு மூன்று எழுதினால் பத்து வாரத்தில் 30 சேரும். அதற்குக் குறைந்தால் கணக்குப் போட்டுப் பயனில்லை.

பலரும் சறுக்குவது கணிப்பை எழுதும் இடத்தில்தான். "வஞ்சிரம் விலை ஏறும்" என்று எழுதினால் எப்படி முடிந்தாலும் நாம் சொன்னதுதான் சரி என்று சாதித்துவிடலாம். "ஞாயிறு காலை 7 மணிக்குக் காசிமேட்டில் வஞ்சிரம் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டும்: 70" என்று எழுதினால் தப்பிக்க வழியில்லை. இடம், நேரம், அளவு மூன்றும் இருக்க வேண்டும். பென்சில் வேண்டாம், பேனா. முடிவு தெரிந்த பிறகு "நான் அப்பவே நினைச்சேன்" என்று மனசு கதை கட்டும். பேனா எழுத்து அதை விடாது. சூரியன் உதிக்கும் என்பதுபோல வெட்ட வெளிச்சமானவற்றை எழுதி நோட்டை நிரப்புவது இன்னொரு ஏமாற்று வேலை.

மதிப்பெண் போடும் முறையை 1950-இல் அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் வகுத்தார். எண்ணை 100-ஆல் வகுங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதே வித்தியாசத்தால் பெருக்குங்கள். 70 சொல்லி நடந்தால் 0.09, நடக்காவிட்டால் 0.49. "கன்ஃபார்ம்பா" என்று 95 போட்டுத் தவறினால் 0.90! எல்லாவற்றுக்கும் 50 போட்டால் சராசரி 0.25 வரும். உங்கள் சராசரி அதைத் தாண்டினால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 50 போடுபவரைவிட மோசமாகக் கணிக்கிறீர்கள் என்று பொருள். நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். 80 போட்டதையெல்லாம் தனியாக எடுத்துப் பாருங்கள். பத்தில் ஆறுதான் நடந்திருந்தால், அடுத்த முறை 80 என்று தோன்றும்போது 60 என்று எழுதுங்கள்.

டீக்கடை வாக்குவாதத்துக்கும் இது உதவும். பேசத் தொடங்கும் முன் ஒரு வரி: "எது தெரிந்தால் என் எண் 20 இறங்கும்?" பதிலே வராவிட்டால் அது நம்பிக்கை அல்ல, வீம்பு. அந்தப் பேச்சைத் தொடராமல் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

ஒரு எச்சரிக்கை. சாத்தியம் வேறு, சேதம் வேறு. 2023 டிசம்பர் 5-இல் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் வட சென்னைத் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. "இந்தப் பக்கம் வர 20 சதவீதம்தான்" என்று கடலுக்குப் போவது திறந்த மனசு இல்லை. உயிர், வீட்டு வாடகை, வட்டிக் கடன் சம்பந்தப்பட்டால் எண் சிறிதாக இருந்தாலும் பெரியதாக இருப்பதுபோல நடந்துகொள்ளுங்கள்.

புதிதாக ஒரு தொழிலை முயன்று பார்ப்பதற்கும் இதே கணக்குதான். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏசி மெக்கானிக் வேலை கைக்கு வருமா என்று யோசிக்கும் படகுத் தொழிலாளிக்கு அது நல்ல அளவு. தொடங்கும் முன் மூன்றை எழுதி வையுங்கள்: அதிகபட்சச் செலவு (5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கடன் வாங்காத பணம்), தினமும் எத்தனை மணி நேரம், முடிவெடுக்கும் நாள். "இந்த வேலை எனக்குச் சரிப்படும்: 40" என்று முதல் நாள் எண் போட்டு, 20-ம் நாளும் 45-ம் நாளும் பழைய எண்ணை மூடி வைத்துப் புதிதாகப் போடுங்கள். பார்த்துக்கொண்டே போட்டால் கை பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கும். எண் ஏறியிருந்தால் தடைக்காலத்துக்குப் பிறகும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். இறங்கியிருந்தால், படகு கிளம்பும்போது நீங்களும் ஏறிக்கொள்ளலாம். போனது 5,000 ரூபாயும் சில மாலைகளும்தான்.